மாடிக் கதவுக்கு ஒரு கேனோபி: ஷீட்டைக் கடைசியில் பாருங்கள்

வாசல் கதவுக்கு மேல் கேனோபி, அதாவது சுவரிலிருந்து நீட்டி நிற்கும் சின்னக் கூரை, போட வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் கேட்பது "என்ன கலர் சார்?". அதற்கு அடுத்தபடியாக ஃபைபரா, பாலிகார்பனேட்டா, கலர் ஷீட்டா என்பார்கள். அது எந்தச் சுவரில் தொங்கப்போகிறது, அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்கூடக் கேட்கவில்லை. முதலில் சுவர், பிறகு சட்டம், கடைசியில்தான் ஷீட் என்ற வரிசையில் இந்த வேலையைச் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மாடிப் போர்ஷனுக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. ஏறி முடித்ததும் சின்னதாக ஒரு லேண்டிங், அதில் கிழக்கு பார்த்த கதவு. கீழ்வீட்டுக்கு போர்டிகோ உண்டு. மாடிக் கதவுக்குப் பேருக்குக்கூட சன்ஷேடு கிடையாது. கட்டும்போது "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டது அப்படியே நின்றுவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் சாரல் கதவில்தான் இறங்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் கதவின் அடிச்சட்டம் அன்றைக்கு ஊறி உப்பியதுதான், தை பிறந்த பிறகும் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

அளவு தீர்மானிப்பதில் பலரும் கதவின் அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். கதவு மூன்றரை அடி. கேனோபி ஆறடி அகலம் வைத்தேன், இரு பக்கமும் ஒன்றேகால் அடி கூடுதல். முன்னால் நீட்டம் நாலடி. இதைவிட நீட்டினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரளவு பெரிய மழைத்துளி நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் விழும். காற்றும் அதே வேகத்தில், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் போல அடித்தால் மழை 45 டிகிரி சாய்ந்து வரும். அப்போது நாலடி நீட்டம் கதவின் மேல் நாலடியைத்தான் காக்கும், கீழ்ப்பாதி நனையத்தான் செய்யும். கீழே வரைக்கும் காக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட எட்டடி நீட்ட வேண்டும். அதற்குப் பெயர் கேனோபி இல்லை, கொட்டகை. ஆக, சாதாரண மழைக்கும் வெயிலுக்கும் நாலடி போதும், வாடைச் சாரலுக்கு வேறு வழி தேட வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது. அந்த வழியைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது காற்று. கடற்கரை ஊரில் இதை விட்டுவிட்டு எதையும் மாட்டக் கூடாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் தெருவில் பறக்காத ஷீட்டை எண்ணிச் சொல்லிவிடலாம். காற்றழுத்தத்துக்கு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 தரும் சூத்திரம் எளிமையானது. நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 40 மீட்டர். சதுர மீட்டருக்கு 960 நியூட்டன், நம் பேச்சில் ஏறக்குறைய நூறு கிலோ. ஆறுக்கு நாலு கேனோபி 2.2 சதுர மீட்டர். ஆக 220 கிலோ.

இந்த 220 கிலோ மேலிருந்து கீழே அழுத்துவதில்லை. சுவரில் மோதிய காற்றுக்குப் போக வழியில்லாமல், கேனோபியின் அடியில் புகுந்து மேலே தூக்குகிறது. சட்டம், ஷீட் எல்லாம் சேர்த்து என் கேனோபி 40 கிலோகூட வராது. கழித்தாலும் 180 கிலோ மேல்நோக்கி இழுவை மிஞ்சுகிறது. போல்ட்டின் முக்கிய வேலை கேனோபியைத் தாங்குவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இந்தப் பக்கத்தில் அது பறக்காமல் பிடிப்பதுதான் பெரிய வேலை.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிறக்கிறது. கேனோபி தன் கனத்தில் தொங்கும்போது மேல் போல்ட்தான் சுவரைவிட்டு இழுபடும். காற்று தூக்கும்போது மேல்முனை சுவரில் அழுந்தும், கீழ் போல்ட் இழுபடும். அதனால் மேலே மட்டும் பலமாகப் போட்டுவிட்டு, கீழே ஒப்புக்கு ஒரு பிளக்கும் ஸ்க்ரூவும் வைப்பது ஆபத்து. இரண்டாவது, கண்ணாடிக் கேனோபிகளில் பார்க்கிறோமே, மேலிருந்து சாய்வாக வரும் மெல்லிய ஸ்டீல் கம்பி. அந்தக் கம்பி இழுவையைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது. கனமான கண்ணாடிக்கு அது சரி. லேசான ஷீட் மேலே எழும்பினால் கம்பி வளைந்து கொடுத்துவிடும். அந்த இடத்தில் பைப்தான் வேண்டும்.

சுவரைத் தட்டிப் பார்ப்பதில் பாதி நாள் போனது, ஆனால் வேலையின் உயிர்நாடி அதுதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கதவின் நிலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் கான்கிரீட் லிண்டல், அதாவது கதவுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம், இருக்க வேண்டும். பூச்சுக்குள் மறைந்திருப்பதால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஹேமர் டிரில்லில் 6 மி.மீ. பிட் போட்டு, நிலைக்கு மேலே சிறு சிறு துளையாக இட்டுப் பார்த்தேன். முதல் அரை அங்குலம் பூச்சு, வெளிறிய தூள். அதற்கப்புறம் சாம்பல் நிறத்தில் மாவு போல வந்து, பிட் முக்கினால் அது கான்கிரீட். சிவப்புத் தூள் பொலபொலவென்று கொட்டினால் செங்கல். துளைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செலோடேப்பால் ஒட்டி வைத்தால் நிறம் தெளிவாகத் தெரியும். சுவரும் அழுக்காகாது. இப்படிப் பார்த்ததில் லிண்டல் ஆறு அங்குல உயரம், கதவின் இரு பக்கமும் ஆறு அங்குலம் மட்டுமே சுவருக்குள் ஏறியிருக்கிறது. மொத்த நீளம் நாலரை அடி.

கேனோபி ஆறடி, கான்கிரீட் நாலரை அடி. ஓரத்தில் போல்ட் போட்டால் செங்கலில் விழும். அதனால் சுவரில் பிடிக்கும் இரண்டு நிற்குங்கால்களையும் மூன்றேமுக்கால் அடி இடைவெளியில், கான்கிரீட்டுக்குள் விழும்படி வைத்து, மிச்ச அகலத்தை இரு பக்கமும் சட்டத்தையே நீட்டிச் சமாளித்தோம். லிண்டலின் முனைக்கு மிக நெருக்கமாகவும் போடக் கூடாது, விளிம்பு பெயர்ந்துவிடும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே சன்ஷேடு இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் நுனியில் துளை போட்டுக் கேனோபியைத் தொங்கவிடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் சன்ஷேடில் முக்கியக் கம்பிகள் மேற்பரப்பை ஒட்டித்தான் போகும். மேலிருந்து துளைத்தால் அதையே வெட்டிவிடுவோம். உப்புக்காற்றில் அந்தக் கம்பி ஏற்கெனவே துருவேறி, அடியில் பூச்சு உதிர ஆரம்பித்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். அதன் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவது வினை.

சுவர் தெளிவானதும் பொருள் தேர்வு தானாகவே சுருங்கியது. அப்பாவுக்கு மங்களூர் ஓடு வேண்டும் என்று ஆசை. பார்க்க லட்சணமாக இருக்கும், வெயிலில் குளிர்ச்சி, எனக்கும் பிடிக்கும். ஆனால் சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு பிடிக்கும், ஓடு மட்டுமே 35, 40 கிலோ. சரிவும் நன்றாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் ஓட்டுக்கடியில் ஏறும். மாடியில், தனித்தனியாகக் காற்று கிளப்பக்கூடிய ஒரு பொருளைப் படிக்கட்டுக்கு மேல் வைக்க மனம் வரவில்லை. கீழ்வீட்டு வாசல் என்றால் ஓடுதான் போட்டிருப்பேன். 12 மி.மீ. டஃபண்ட் (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ, கனத்துக்குக் கவலையில்லை. ஆனால் பக்கத்து மனைத் தென்னை எங்கள் லேண்டிங்கைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. மட்டை விழும், குரும்பை விழும், ஒருநாள் நெற்றும் விழும். கண்ணாடி அத்தோடு முடிந்தது.

கலர் ஷீட் மலிவு, உறுதி. இரண்டு குறை. மழையில் பறை அடிப்பதுபோலச் சத்தம், அம்மாவின் படுக்கை அறை ஜன்னல் அதை ஒட்டி. இன்னொன்று இருட்டு. அந்தக் கதவு வழியாகத்தான் ஹாலுக்கு வெளிச்சம். ஃபைபர் ஷீட் சில வருஷத்தில் நார் எழும்பி மஞ்சளாவதை எதிர்வீட்டிலேயே பார்க்கிறேன். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், மட்டை விழுந்தால் விரிசல்தான். மிஞ்சியது பாலிகார்பனேட். அதிலும் உள்ளே அறை அறையாக இருக்கும் மல்டிவால், கட்டியான சாலிட் என்று இரண்டு. மல்டிவாலில் வெப்பம் குறைவாக இறங்கும், விலையும் குறைவு. ஆனால் முனைகளை டேப் போட்டுச் சரியாக அடைக்காவிட்டால் உள்ளே தூசி, எறும்பு, ஈரம், பிறகு பாசி. ஒருமுறை பாசி பிடித்துவிட்டால் கழுவ வழியே இல்லை. சாலிட் 4 மி.மீ., பால் வெள்ளை நிறம் என்று முடிவு செய்தேன். தெளிந்த ஷீட் முதல் மாதம் அழகு, அப்புறம் காக்கை எச்சம் ஒவ்வொன்றும் கீழிருந்து தெரியும். சாலிட் ஷீட் நாலடி அகல ரோலில் வருவதால் ஆறடி நீளம் வெட்டினால் நடுவில் இணைப்பே இல்லாமல் கேனோபி முடிந்துவிடுகிறது. நாலடி நீட்டத்தோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டத்துக்கு ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரப் பைப், 2 மி.மீ. கனம். கடையில் 1.2 மி.மீ.யை எடுத்துக் காட்டி "இதே போதும்" என்பார்கள். கடலோரத்தில் பைப் துருப்பிடிப்பது உள்ளேயிருந்து. மெல்லிசுப் பைப் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே ஓட்டையாகியிருக்கும். முனைகள் அத்தனையையும் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடச் சொன்னேன். ஜிஐ பைப்பில் வெல்டிங் பிடிக்க, அந்த இடத்தின் துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அடித்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். வெல்டர் தம்பி, "பால் குடிச்சா சரியாயிடும்ணே" என்றார். பாலை வாங்கிக் கொடுத்தேன், ஆனால் வேலையைத் திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யவைத்தேன். பூச்சு போன இடங்களில் துத்தநாகம் நிறைந்த கோல்டு கால்வனைசிங் பெயின்ட் இரண்டு கோட். அதற்கு மேல்தான் நிறம். இந்த ஒரு டப்பாவை மிச்சம் பிடித்தால் இரண்டாவது மழைக்கு ஒவ்வொரு வெல்டிங்கிலிருந்தும் செம்பழுப்புக் கண்ணீர் சுவரில் இறங்கும்.

சட்டத்தின் அமைப்பைச் சொல்கிறேன். லிண்டலில் நேரடியாகக் கேனோபியை மாட்டினால் பின்பக்கமே ஏழேகால் அடி. சரிவு கொடுத்தால் முன்பக்கம் ஏழடிக்குக் கீழே வந்துவிடும். எங்களுக்கு வெளிப்பக்கம் திறக்கும் கிரில் கேட் வேறு, அது ஏழடி உயரம், இடிக்கும். அதனால் சுவரோடு ஒட்டி இரண்டு நிற்குங்கால் பைப். அடி லிண்டலில், தலை ஒன்பதே முக்கால் அடியில். இடையில் எட்டேகால் அடி உயரத்தில் கேனோபியின் பின்சட்டம் அவற்றில் பற்றவைக்கப்பட்டது. முன்சட்டம் ஏழேமுக்கால் அடியில். நாலடிக்கு ஆறு அங்குலச் சரிவு, அடிக்கு ஒன்றரை அங்குலம். ஒரு அங்குலம்கூடப் போதும் என்பார்கள். தண்ணீர் ஓடும், ஆனால் தூசியும் வேப்பம்பூவும் தங்கிவிடும். நிற்குங்காலின் தலையிலிருந்து கேனோபியின் முன்பாதிக்கு அதே பைப்பில் சாய்வுத் தாங்கி, பக்கத்துக்கு ஒன்று. ஷீட்டுக்கு அடியில் இரண்டடிக்கு ஒரு குறுக்குப் பைப்.

கீழ்முனையில் காலுக்கு இரண்டு வீதம் எம்10 (10 மி.மீ.) ஆங்கர் போல்ட், லிண்டலுக்குள். முன்னே சொன்ன 180 கிலோவைக் கணக்குப் போட்டால், காற்றின் பாரம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறது, மேல் கீழ் போல்ட்டுகளுக்கு இடையே இரண்டரை அடி. ஆக ஒரு காலின் அடியில் எழுபது சொச்சம் கிலோ இழுவை. நல்ல கான்கிரீட்டில் எம்10 இதைச் சிரமமில்லாமல் பிடிக்கும். புயல் இதைவிட வேகமாக வந்தாலும் கையிருப்பு இருக்கிறது. ஆனால் துளையின் அளவு போல்ட் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவாகவே இருக்க வேண்டும். துளைத்ததும் உள்ளே இருக்கும் தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி எடுக்க வேண்டும். தூளோடு அடித்த போல்ட் முறுக்கும்போது பிடித்த மாதிரி தெரியும், நாளாக நாளாக லூசாகும். ஒரு துளையில் கம்பி இடறியது. பிட்டை அழுத்தி மல்லுக்கட்டாமல் தகட்டில் பக்கத்திலேயே வேறு துளை போட்டுக்கொண்டோம். லிண்டல் கம்பியை வெட்டிவிட்டு அதிலேயே பாரத்தை மாட்டுவதில் என்ன நியாயம்?

மேல்முனை இருப்பது செங்கல் சுவரில். அங்கே ஆங்கர் போல்ட் வேண்டவே வேண்டாம். ஆங்கர் விரிந்துதான் பிடிக்கும், விரியும்போது செங்கல் பிளக்கும். வெல்டர் தம்பிக்கு இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை. "எல்லா வீட்டுக்கும் இப்படித்தாண்ணே அடிக்கிறோம், ஒண்ணும் ஆகாது" என்றார். சுவரைத் துளைத்து மறுபக்கம் வரை நூல்வெட்டிய கம்பி விட்டு, ஹாலின் உட்பக்கம் நாலுக்கு நாலு அங்குலத் தகடு வைத்து நட்டு முறுக்கினோம். இப்போது கேனோபி செங்கலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, சுவர் முழுவதையும் இடுக்கிப் பிடித்திருக்கிறது. உள்ளே இரண்டு தகடு தெரியும் என்று அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். கதவுக்கு மேல் வரிசையாகச் சாமி படங்கள்தான், நடுப்படங்களை இரண்டு பக்கமும் நகர்த்தினால் மறைந்துவிட்டது. துளை போடும்போது வெளியிலிருந்து உள்ளே லேசாக மேல்நோக்கிச் சாய்த்துப் போட்டோம். தண்ணீர் எப்போதாவது கம்பியோரம் புகுந்தாலும் ஹாலுக்குள் வராது.

சட்டம் ஏறியபின் ஷீட். பாலிகார்பனேட்டில் நம்மூர் ஆட்கள் அதிகம் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். இந்தப் பொருள் வெயிலில் நீளும். மீட்டருக்கு, டிகிரிக்கு 0.065 மி.மீ. மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் ஷீட்டின் மேல் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஆறடியில் கிட்டத்தட்ட 5 மி.மீ. ஸ்க்ரூவின் அளவுக்கே துளை போட்டால் ஷீட்டுக்கு நகர இடமில்லை. துளையின் ஓரத்தில் நட்சத்திரம் மாதிரி விரிசல் கிளம்பும். ஐந்தரை மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பத்து மி.மீ. துளை. அதன் மேல் அகலமான வாஷர், கீழே ஈபிடிஎம் ரப்பர். முறுக்குவது கையால், ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரைக்கும்தான். டிரில் மெஷினை வைத்து "டர்ர்" என்று இறக்கினால் ஷீட் குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். வெல்டர் தம்பியிடமிருந்து மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். முறைத்தார்.

பைப்புக்கும் ஷீட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வேண்டும். கடையில் சாதாரண பிவிசி பட்டையைத் தருவார்கள், அதைத் தவிர்க்க வேண்டும். பிவிசியை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய் பாலிகார்பனேட்டைத் தின்னும். ஈபிடிஎம் என்று கேட்டு வாங்குங்கள். பைப்பின் மேல்முகத்துக்கு வெள்ளை பெயின்ட். கறுப்புச் சட்டம் பார்க்க ஸ்டைல்தான், ஆனால் மதியத்தில் காய்ந்து ஷீட்டைத் தொட்ட இடத்தில் சுடும். கீழிருந்து தெரியும் மூன்று முகத்துக்கும் வேண்டிய நிறம் அடித்துக்கொள்ளலாமே.

ஷீட்டின் ஒரு பக்கத்தில்தான் பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இருக்கும். எழுத்து அச்சிட்ட படலம் எந்தப் பக்கமோ அதுதான் வானம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் இரண்டு மூன்று கோடையில் மஞ்சளடிக்கும். படலத்தை முன்கூட்டியே உரித்துவிட்டால் எது எந்தப் பக்கம் என்று தெரியாது. உரிக்காமல் விட்டுவிட்டால் வெயிலில் ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்ட வேண்டிவரும். ஓரங்களை மட்டும் உரித்து மாட்டி, கடைசி ஸ்க்ரூ இறங்கியதும் முழுவதையும் உரிப்பதுதான் முறை.

சுவரும் ஷீட்டும் சேரும் கோடு. ஒழுகும் கேனோபிகளில் பெரும்பாலானவை ஒழுகுவது இங்கேதான். வெளியே தெரியும்படி ஒரு கோடு சிலிக்கான் இழுத்துவிட்டுப் போவார்கள். பழைய பெயின்ட்டின் மேல் பூசிய சிலிக்கான் சுவரைப் பிடிப்பதில்லை, பெயின்ட்டைத்தான் பிடிக்கிறது. பெயின்ட் உரிந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். ஷீட்டுக்கு மூன்று அங்குலம் மேலே கிரைண்டரால் சுவர்ப்பூச்சில் முக்கால் அங்குல ஆழத்துக்கு ஒரு காடி வெட்டினோம். கீழே லேண்டிங் முழுக்கப் புழுதி, கீழ்வீட்டுக்காரர்களின் துணிகளை முன்கூட்டியே எடுக்கச் சொல்லிவிடுங்கள். அந்தக் காடிக்குள் அலுமினியத் தகட்டின் ஒரு மடிப்பைச் செருகி, மறுபக்கம் ஷீட்டின் மேல் நாலு அங்குலம் படியவிட்டோம். தகட்டை ஷீட்டோடு ஒட்டவில்லை, ஷீட் நகர வேண்டுமே. காடியை சிமென்ட்டால் அடைக்க வெல்டர் கூட வந்த கொத்தனார் கலவையோடு தயாராக நின்றார். ஈரச் சிமென்ட் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டால் அடைத்தோம். அதன் மேல் சுவர்ப் பெயின்ட் அடிக்கலாம் என்பது இன்னொரு வசதி. நிற்குங்கால்கள் குறுக்கிடும் இரண்டு இடத்திலும் தகட்டை வெட்டி, பைப்பைச் சுற்றி மடித்து விட்டது மட்டும் பொறுமையைச் சோதித்த வேலை.

சீலன்ட் வாங்கும்போது ஒரு குறிப்பு. வினிகர் வாசனை தூக்கலாக அடிக்கும் சாதாரண சிலிக்கானைப் பாலிகார்பனேட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் அசிட்டிக் அமிலம் ஷீட்டில் விரிசல் விழவைக்கும், ஜிஐ பூச்சையும் தின்னும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் எங்கே விழும் என்பதையும் பார்க்க வேண்டும். 46 செ.மீ. பெய்யும் ஒரு நாளில் இந்தச் சின்னக் கேனோபியிலிருந்து மட்டும் ஆயிரம் லிட்டர் இறங்கும். அது கீழ்வீட்டுக்காரர் கேட்டில் விழுந்தால் சண்டை, பக்கத்து மனையில் விழுந்தால் பெரிய சண்டை. முன்பக்கம் நாலு அங்குல அரைவட்ட பிவிசி கட்டர் (மழைநீரை ஏந்தி ஓடவிடும் வாய்க்கால்), தெற்கு மூலையில் இரண்டு அங்குலப் பைப் இறக்கி மழைநீர்த் தொட்டியில் விட்டோம். ஷீட்டின் நுனி கட்டரின் உள்விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும், கட்டரின் நடுவரைக்கும் போகக் கூடாது. இல்லாவிட்டால் கனமழையில் தண்ணீர் கட்டரைத் தாண்டிக் குதிக்கும்.

இனி வாடைச் சாரல். வடகிழக்குக் காற்று கிழக்கு வாசலுக்கு நேராக வருவதில்லை, வடக்குப் பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறது. அதனால் நீட்டத்தை இன்னும் கூட்டுவதைவிட வடக்குப் பக்கத்தை மறைப்பதற்குப் பலன் அதிகம். லேண்டிங்கின் வடக்குக் கைப்பிடிச் சுவர் மூன்றடி. அதன் மேல் இரண்டரை அடி அகலத்தில், ஏழடி உயரம் வரை ஒரு பக்க மறைப்பு, அதே ஷீட்டில். அதற்கும் கேனோபிக்கும் இடையே முக்கால் அடி திறந்தே விட்டேன். முழுக்க அடைத்தால் காற்று உள்ளே சிக்கி, தூக்கும் விசை கூடும். அந்தச் சந்தில் கொஞ்சம் தூவானம் வரத்தான் செய்கிறது, வரட்டும். கதவின் அடிச்சட்டத்தில் தண்ணீரை வெளியே தள்ளும் அலுமினியப் பட்டை ஒன்றை அறைந்தேன். நிலைப்படிக்கு வெளியே லேண்டிங் தரைக்குச் சரிவு இருக்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கதவைப் பார்த்து ஓடியது. கொத்தனார் இருக்கும்போதே அதையும் சரிசெய்தாயிற்று. இந்த இரண்டும் இல்லாமல் எத்தனை அடி கேனோபி போட்டாலும் கதவின் கால் நனையும்.

அடுத்த ஐப்பசியில் பார்த்தேன். நேர்மழையில் லேண்டிங்கின் பாதி காய்ந்தே கிடந்தது. காற்றோடு அடித்த நாட்களில் கதவின் கீழ் ஒன்றரை அடி நனைந்தது, ஆனால் உப்பவில்லை, திறக்க மூட சிக்கலில்லை. மழைச் சத்தம் கலர் ஷீட் அளவுக்கு இல்லை என்றாலும் இல்லாமலில்லை. அம்மா பழகிவிட்டார். எதிர்பாராத தொல்லை வேப்பிலை. கட்டரின் வாயில் அடைத்துக்கொண்டு தண்ணீர் முன்பக்கம் வழிந்தது. பைப் வாயில் வலை உருண்டை வைத்தபின் மாதம் ஒருமுறை கையால் அள்ளிப் போட்டால் போதும் என்றாகிவிட்டது. ஷீட்டை முதலில் ஹோஸால் நனைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் மென்மையான துணி. காய்ந்த துணியால் துடைத்தால் கடல்மணல் கீறிவிடும். தின்னர், பெட்ரோல் கிட்டவே வரக் கூடாது. புரட்டாசி முடிவதற்குள் உள்பக்கத் தகட்டு நட்டுகளை ஒரு சுற்று முறுக்கிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

இதைப் பார்த்துப் பின்தெருவில் ஒருவர் தன் வீட்டுக்கும் வேண்டும் என்று வெல்டர் தம்பியைக் கூப்பிட்டார். அவர் வீட்டில் கதவிருக்கும் சுவர் நாலரை அங்குலம், லிண்டல் என்ற பெயரில் ஒரு கடப்பைக் கல். தம்பி என்னிடம் வந்து கேட்டார், "அண்ணே, இதுல மறுபக்கம் வரைக்கும் துளைச்சு போல்ட் போட்டா நிக்குமா?" நிற்காது. நாலரை அங்குலச் சுவர் எந்தத் தொங்கலையும் தாங்குவதற்குக் கட்டப்பட்டதில்லை. அங்கே முன்பக்கம் இரண்டு பைப் தூண் இறக்கி, ஒன்றரை அடிக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு, பின்பக்கமும் சுவரை ஒட்டி இரண்டு தூண் நிறுத்தி, பாரத்தையும் காற்றையும் தரைக்கே கொண்டுபோக வேண்டும். சுவரில் அலுமினியத் தகடு மட்டும் செருகினால் போதும். செலவு கொஞ்சம் கூடும் என்று சொல்லி அனுப்பினேன்.